பட்டு நூல், எடை மெஷின், காம் போர்ட்

டிஸ்கி: இதில் பாதி கம்ப்யூட்டர், பாதி தறி. ஒன்றைப் பிடிக்காதவர்கள் அந்த பாராவைத் தாண்டிப் போகலாம். ஆனால் எங்கே தாண்டினாலும் இன்னொன்று வந்து நிற்கும், அதுக்கு நான் பொறுப்பில்லை :-)

சீரியல் போர்ட் செத்துப்போச்சு என்று சொல்லாத ஆள் கிடையாது. லேப்டாப் பின்னாடி ஒன்பது ஊசியோட இருந்த அந்த பல்லுக்காரன் காணாமப் போய் ரொம்ப வருஷம் ஆச்சு. 1996ல யூஎஸ்பி வந்ததுமே இவனுக்கு நாள் குறிச்சாச்சு. ஆனா ஒரு நிமிஷம், உங்க ஊர் நகைக்கடையிலோ, நூல் கடையிலோ, ரேஷன் கடையிலோ இருக்கிற எலக்ட்ரானிக் எடை மெஷினைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. பல மெஷின்ல அதே ஒன்பது ஊசி சாக்கெட் இன்னும் இருக்கும். ஆர்எஸ்-232 என்கிற அந்த முறையை 1960ல அமெரிக்காவில் வகுத்தாங்க. டெலிபிரிண்டரையும் மோடத்தையும் இணைக்கிறதுக்காக வந்தது. 1981ல வந்த ஐபிஎம் பிசியிலயும் ஒட்டிக்கிச்சு. அதை வெச்சுத்தான் நான் சேவூர்ல பட்டு நூல் எடை போடுற வேலையில் மாட்டினேன்.

சேவூர்னா அவிநாசி பக்கத்துல இருக்கிற சேவூர் இல்லைங்க. இது ஆரணிச் சேவூர். கமண்டல நாகநதிக் கரையில ஆரணி, அதை ஒட்டி எங்க ஊர். தெருவுல நடந்தா வீட்டுக்குள்ளேர்ந்து தறிச்சத்தம் வரும். அக்கா வீட்டுக்காரர் அங்கே நூல் கொடுத்து புடவை வாங்குறவர். அதாவது பாவும் ஊடையும் ஜரிகையும் எடை போட்டு தறிக்காரர்கிட்ட கொடுப்பார். அவங்க நெய்து கொண்டு வருவாங்க. திரும்பவும் எடை. போன எடைக்கும் வந்த எடைக்கும் நடுவுல இருக்கிறது கழிவு. நூல் அறுந்தது, முடிச்சு போட்டது, தார் சுத்தும்போது மிச்சமானது எல்லாம் அதுல அடக்கம். கழிவு ஒரு அளவுக்குள்ள இருந்தா கூலி முழுசா கிடைக்கும். தாண்டினா கூலியில பிடிப்பு.

ஆக, அந்த எடை நம்பர் வெறும் நம்பர் இல்லை. பட்டு நூல் கிலோ 5,000 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்கிட்டாலே ஒரு கிராம் 5 ரூபாய். ஜரிகை அதைவிட. அசல் ஜரிகைன்னா பட்டு நூல் மேல வெள்ளிக் கம்பி சுத்தி, அதுக்கு மேல தங்க முலாம். அதனாலதான் அதைக் கிலோவில பேசாம மார்க்குன்னு பேசுறாங்க, ஒரு மார்க் 242 கிராம். இப்படிப்பட்ட சரக்குல எடையைக் கண்ணால பார்த்து கையால நோட்டுல எழுதி, அப்புறம் சாயங்காலம் கம்ப்யூட்டர்ல தட்டுறாங்க. 612.4ங்கிறது 621.4ன்னு ஏறிட்டா ஒன்பது கிராம். யார் தலையில விழும்? மூணு மாசம் கழிச்சு எவனுக்கு ஞாபகம் இருக்கும்?

"மெஷின்லேர்ந்து நேரா பொட்டிக்கு வர்ற மாதிரி பண்ணிக் குடுடா" என்றார் மாமா. இவ்வளவுதான் கேட்டார்.

சீரியல்னா என்னன்னு ஊர்க்காரங்களுக்குச் சொல்றது ரொம்ப ஈஸி. பழைய பிரிண்டர் கேபிள் பாவு மாதிரி, எல்லா இழையும் பக்கத்துல பக்கத்துல ஒரே நேரத்துல நிக்கும். சீரியல் ஊடை மாதிரி, ஒரே இழை, ஒண்ணு போன பிறகு அடுத்தது. ஒவ்வொரு எழுத்தையும் எட்டு பிட்டாப் பிரிச்சு, முன்னாடி ஒரு ஆரம்ப பிட், பின்னாடி ஒரு முடிவு பிட் சேர்த்து வரிசையா அனுப்புவான். மொத்தம் பத்து. அதனால வேகம் 9600ன்னா நொடிக்கு 960 எழுத்து. ரெண்டு பக்கமும் ஒரே வேகத்தை ஒத்துக்கிட்டு இருக்கணும், ஏன்னா நடுவுல தாளம் தட்டுறவன் யாரும் கிடையாது. மெஷின் 2400ல பேசி நீங்க 9600ல கேட்டா திரையில பூச்சி பூச்சியா விழும். பயப்படாம வேகத்தை மாத்தி மாத்திப் பாருங்க. அப்பவும் எழுத்து கோணலா வந்தா ஏழு பிட், ஈவன் பாரிட்டின்னு வெச்சுப் பாருங்க, பழைய மெஷின்ல அது உண்டு. கேபிள்ல மூணே கம்பி போதும். ரெண்டாம் ஊசி, மூணாம் ஊசி, அஞ்சாம் ஊசி. எதுவுமே வரலைன்னா ரெண்டையும் மூணையும் மாத்திப் போடணும், பாதி கேஸ் அதுலயே முடிஞ்சிடும்.

முதல்ல சும்மா கேட்டுப் பார்க்க ஒரு மென்பொருள் வேணும். அந்தக் காலத்துல விண்டோஸோடவே ஹைப்பர் டெர்மினல் வந்துச்சு. விஸ்டாவோட அதைத் தூக்கிட்டாங்க. இப்போ பட்டின்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு (பட்டிக்காட்டு பட்டி இல்ல), அதுல சீரியலைத் தேர்ந்தெடுத்து காம் 3ன்னோ காம் 5ன்னோ போட்டா எடை ஓடுறது தெரியும். எந்த நம்பர்னு டிவைஸ் மேனேஜர்ல பார்க்கலாம். யூஎஸ்பி மாத்துக் கேபிளை இன்னைக்கு ஒரு ஓட்டையிலயும் நாளைக்கு வேற ஓட்டையிலயும் செருகினா நம்பர் மாறலாம். கேபிளுக்குப் பக்கத்துல மார்க்கர்ல ஒரு அம்புக்குறி போட்டு வெச்சிருக்கோம். அப்புறம் இன்னொண்ணு, பட்டி திறந்திருக்கும்போது உங்க புரோகிராம் அதே போர்ட்டைத் திறக்க முடியாது. ஒரு போர்ட், ஒரு ஆள். நம்பர் ஒன்பதைத் தாண்டினா பழைய புரோகிராம்கள் முழிக்கும், பெயருக்கு முன்னாடி சாய்கோடுகளும் புள்ளியும் சேர்த்துக் கூப்பிடணும். டாட்நெட் இதைத் தானே பார்த்துக்கும்.

மாத்துக் கேபிள் வாங்கும்போது உள்ளே என்ன சிப்புன்னு கேளுங்க. 2014ல எஃப்டிடிஐ கம்பெனி, விண்டோஸ் அப்டேட் வழியா வந்த ஒரு டிரைவர்ல, போலிச் சிப்புகளோட அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி விட்டுச்சு. எத்தனையோ பேர் கேபிள் திடீர்னு செத்துப்போச்சு. போலின்னே தெரியாம வாங்கினவன் என்ன பண்ணுவான்? கத்தல் கிளம்பினதும் அந்த டிரைவரைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க.

சரி, இப்போ காமெடி. நம்ம மெஷின் கேக்காமலே நொடிக்குப் பத்துப் பன்னெண்டு தடவை எடையைச் சொல்லிக்கிட்டே இருக்கிற ரகம். இதை ஆன்ல வெச்சுக்கிட்டே கேபிளைச் செருகினா, விண்டோஸ் "அட, சீரியல் மவுஸ் வந்திருக்கு"ன்னு நினைச்சுக்கும். அந்தக் காலத்து சீரியல் மவுஸ் இன்னும் அதன் நினைவுல இருக்கு பாருங்க. உடனே அம்புக்குறி திரை முழுக்கத் தாவும், தானே கிளிக் பண்ணும், ஃபைலை எல்லாம் திறக்கும். மாமா பையன் அலறிட்டான், "பேய் பிடிச்சிடுச்சு மாமா"ன்னு. ஜிபிஎஸ் கருவி மாட்டினவங்களுக்கும் இதே கதை நடக்கும். டிவைஸ் மேனேஜர்ல மவுஸ் பட்டியல்ல புதுசா முளைச்சிருக்கிற பால்பாயிண்டை முடக்கி வெச்சா பேய் ஓடிடும்.

இனிமேதான் விஷயம். போர்ட்டைத் திறக்கிறதும் படிக்கிறதும் பத்து வரி. டாட்நெட்ல 2005லேர்ந்து அதுக்குன்னே சீரியல்போர்ட் வகுப்பு இருக்கு. பைத்தான்காரங்களுக்கு பைசீரியல். அதுக்கு முன்னாடி விஷுவல் பேசிக் 6ல எம்எஸ்காம்னு ஒரு தொலைபேசிப் படத்தைப் படிவத்துல இழுத்துப் போட்டு எத்தனையோ பேர் சம்பாதிச்சாங்க. ஆனா "படி"ன்னு சொன்னதும் எதைப் படிக்குதுன்னு யோசிக்கணும்.

வர்ற எழுத்தெல்லாம் விண்டோஸ் ஒரு தொட்டியில பிடிச்சு வைக்கும். டாட்நெட்ல இந்தத் தொட்டி வழக்கமா 4096 எழுத்து. ஒரு எடை வரி 18 எழுத்துன்னா 227 வரி பிடிக்கும். மெஷின் ஓயாம கத்திக்கிட்டிருக்கு, நீங்க பட்டன் அமுக்கும்போது மட்டும் ஒரு வரி படிக்கிறீங்கன்னு வைங்க. தொட்டி நிரம்பினா புதுசுதான் வழியும், பழசு அப்படியே உட்கார்ந்திருக்கும். நீங்க படிக்கிறது அடியில கிடக்கிற வரியை. அது முன்னாடி வந்தவர் வெச்ச புடவையோட எடை! நம்பர் அழகா இருக்கும், சந்தேகமே வராது. ஒருத்தர் எடை இன்னொருத்தர் கணக்குல ஏறும். கைத்தப்பைவிட இது மோசம், ஏன்னா "கம்ப்யூட்டர் சொல்லிச்சு"ன்னு ஆகிடும் இல்லையா. அதனால பட்டனை அமுக்கினதும் முதல்ல தொட்டியைக் கொட்டணும். அடுத்து வர்ற அரைகுறை வரியை விட்டுடணும். அதுக்கப்புறம் வர்ற முழு வரியைத்தான் எடுக்கணும். போர்ட் ஒரு வரியை ஒரே துண்டாத்தான் கொடுக்கும்னு சத்தியம் பண்ணலை, "61"ன்னு ஒரு தடவையும் "2.4"ன்னு இன்னொரு தடவையும் கொடுக்கலாம். வரி முடிவு வர்ற வரைக்கும் சேர்த்துக்கிட்டே இருக்கணும்.

அடுத்தது நிலை. பல மெஷின்கள் வரியோட தலையில எஸ்டின்னோ யூஎஸ்ன்னோ ரெண்டு எழுத்து அனுப்பும். முதலாவது முள் நின்னுடுச்சு, ரெண்டாவது இன்னும் ஆடுது. ஆடுற எடையை எடுக்கவே கூடாது. நாங்க எஸ்டி வரி தொடர்ச்சியா ஐந்து ஒரே எண்ணா வந்தாத்தான் ஏத்துக்கிறோம். இது நல்லா வேலை செய்யுது, ஒரே பிரச்சினை ஃபேன். கால் கிராம் காட்டுற மெஷினுக்கு மேல சீலிங் ஃபேன் சுத்தினா எஸ்டியே வராது. இப்போ மாமா கடையில புடவை எடை போட வந்தா முதல்ல யாராவது ஒருத்தர் எழுந்து ஃபேனை நிறுத்துவாங்க. சித்திரை வெயில்ல அது ஒரு தியாகம்.

படிக்கிறது முடிஞ்சதுன்னு நினைச்சப்போ, நாற்பது வருஷமா தறியில உட்கார்ந்த ஒரு பெரியவர் கேட்டார். "முதலாளி, முன்னெல்லாம் நோட்டுல எழுதுவீங்க, நான் எட்டிப் பாப்பேன். இப்போ பொட்டிக்குள்ள போய்டுது. உள்ள என்னா எழுதிக்குதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

மாமாவுக்குக் கொஞ்சம் சுருக்குன்னுது. ஆனா கேள்வி நியாயமானது. எடை மெஷினுக்குச் சட்டப்படி சரிபார்த்து முத்திரை உண்டு, நம்ம மாநிலத்துல தொழிலாளர் துறை பார்க்கிற வேலை அது. அந்த முத்திரை மெஷினோட திரைக்குத்தான். ஒயரைத் தாண்டி கம்ப்யூட்டருக்குள்ள போனதுக்கு யாரும் முத்திரை போடல.

எழுதுறதுங்கிற பாதி இங்கேதான் வந்துச்சு. சூப்பர் மார்க்கெட்ல வாடிக்கையாளர் பக்கம் திரும்பி கம்பு மேல நிக்கிற சின்ன டிஸ்ப்ளே பார்த்திருப்பீங்களே, ரெண்டு வரி, வரிக்கு இருபது எழுத்து. அதுவும் சீரியல்தான். பழசு ஒண்ணு சல்லிசா கிடைச்சுது. இன்னொரு காம் போர்ட்ல மாட்டி, கணக்குல ஏறின எண்ணை அதுக்கு அனுப்பறோம். கவனிங்க, மெஷின்லேர்ந்து வந்த எண்ணை இல்ல, ஃபைல்ல எழுதி முடிச்ச பிறகு ஃபைல்லேர்ந்து திரும்பப் படிச்ச எண்ணை. பலதுலயும் 12ங்கிற பைட்டை அனுப்பினா திரை துடைச்சுக்கும், அப்புறம் எண். தமிழ் எழுத்து அதுல வராது, எண்ணுக்குத் தமிழ் எதுக்கு? ஒரு எச்சரிக்கை மட்டும். எழுதும்போது ஹார்ட்வேர் கைகுலுக்கல்னு அமைப்புல போட்டு, கேபிள்ல அதுக்கான கம்பி இல்லைன்னா, புரோகிராம் "போகலாமா"ன்னு கேட்டுக்கிட்டு அப்படியே உறைஞ்சு நிக்கும். டாட்நெட்ல எழுதுறதுக்குக் காலக்கெடு நாமளா வெச்சாத்தான் உண்டு. இல்லாட்டி கடைசி வரைக்கும் காத்திருக்கும்.

மாமா அப்புறம் ஒண்ணு கேட்டார். "எடையைக் கையால மாத்துற மாதிரி ஒரு வழி வெச்சுடு, அவசரத்துக்கு." எந்த அவசரம்னு நான் கேக்கல. கவர் எடை கழிக்காம வெச்சுட்டா, தப்பான பேர்ல ஏறிட்டா, இப்படி நிஜமாவே தேவை வரும். வழி வெச்சேன். ஆனா ஒயர்ல வந்த வரி வந்தபடியே தேதி நேரத்தோட தனி ஃபைல்ல இருக்கும், அதை அழிக்கிற பட்டன் கிடையாது. திருத்தம் பக்கத்துல இன்னொரு வரியா விழும், டிஸ்ப்ளேல ரெண்டும் தெரியும். ரெண்டு நாள் மாமா என்கிட்ட சரியா பேசல. அக்காதான் காபி கொண்டு வந்து கொடுத்துச்சு.

இதோட முடிஞ்சிருக்கணும். முடியல. சித்திரையில மாமாவே ஒரு விஷயத்தைக் கவனிச்சார். ஐப்பசி, கார்த்திகை மழையில நூல் வாங்கிட்டுப் போனவங்க எல்லாருக்கும் கழிவு கூடுதலா காட்டுது. நல்ல கை உள்ளவங்களுக்குக்கூட. முன்னாடி குத்துமதிப்பா எடை போட்ட காலத்துல பத்துப் பதினைந்து கிராம்னா "விடு, பரவால்ல"ன்னு போயிடும். இப்போ 17.3ன்னு புள்ளி வெச்சுத் திரையில நிக்குது. புள்ளிக்கு அப்புறம் ஒரு எண் இருந்தாலே அதை மன்னிக்க மனசு வரமாட்டேங்குது, அது ஏன்னு தெரியல.

பட்டு ஈரத்தைக் குடிக்கும். இது நெசவுக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வியாபாரத்துல பட்டு நூலுக்கு ஒத்துக்கிட்ட ஈரப்பங்கே 11 சதவீதம், அதாவது எலும்பா காய வெச்ச 100 கிராம் பட்டு, வழக்கமான காத்துல 111 கிராம் ஆகும். மழைக்காலத்துல இன்னும் ஏறும், தொட்டா நனைஞ்ச மாதிரியே இருக்காது. கோராவைக் காய்ச்சிப் பசை எடுக்கும்போது கிலோவுக்கு 200, 250 கிராம் போகுது, அதுக்கு யாரும் சண்டை போடறதில்லை, எல்லாருக்கும் கணக்கு தெரியும். இந்த ஈரக் கணக்குதான் யார் நோட்டுலயும் இல்ல. மெஷின் ரெண்டு நாளும் சரியாத்தான் சொல்லிச்சு. ஒயர் சரி, புரோகிராம் சரி. கழிச்சு வந்த விடை மட்டும் தறிக்காரர் மேல பழி போடுது.

ஈரம் அளக்கிற சென்சார் மாட்டலாமான்னு யோசிச்சேன். ஆனா காத்து ஈரம் இவ்வளவுன்னா நூல் எவ்வளவு குடிச்சிருக்கும்னு ஒரு சூத்திரம் வேணும், அதைப் பெரியவர்கிட்ட எப்படி விளக்குறது? அதனால வேற வழி. சாயம் போட்ட பட்டு நூல்ல ஒரு சிட்டத்தை எடுத்து, 100 கிராம் பக்கத்துல அளவு பண்ணி, மெஷினுக்குப் பக்கத்துல ஆணியில தொங்க விட்டோம். யாரும் தொடக்கூடாது. எப்பல்லாம் நூல் கொடுக்கிறோமோ, புடவை வாங்குறோமோ, அன்னைக்கு முதல்ல இதை எடை போடணும். இதையும் அதே காம் போர்ட் படிச்சு அந்த நாள் கணக்குல எழுதும். உதாரணத்துக்கு நூல் கொடுத்த அன்னைக்கு சிட்டம் 103.2, நூல் 640. புடவை வந்த அன்னைக்கு சிட்டம் 99.4. அப்போ 640ஐ 103.2ஆல வகுத்து 99.4ஆல பெருக்கினா 616.4. ஒரு இழைகூட வீணாக்காத ஆளுக்கும் 23.6 கிராம் குறையும். கிராம் 5 ரூபாய்னா 118 ரூபாய், கூலியில. இப்போ கழிவை 616.4லேர்ந்துதான் கணக்குப் பண்றோம்.

குழித்தறியில குளுமையா இருக்கிற இடத்துலேர்ந்து புடவை நேரா வந்தா கணக்கு இந்தப் பக்கம் சாயும், அதனால கொண்டு வந்ததும் எடை போடறதில்லை, ராத்திரி கடையில கிடந்து காலையிலதான். இது மாமாவுக்கு நல்லது. சிட்டம் தறிக்காரருக்கு நல்லது. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க.

பெரியவர் இப்போ வந்ததும் டிஸ்ப்ளேவைப் பார்க்கிறதில்லை. "சாட்சி இன்னிக்கு எவ்ளோ?"ன்னுதான் கேக்கறார். அந்தச் சிட்டத்துக்கு அந்தப் பேர் அவர் வெச்சதுதான்.

ஜரிகைக்கு மட்டும் இன்னும் வழி பிடிபடல. வெள்ளி ஈரம் குடிக்காது, ஆனா உள்ளே பட்டு நூல் இருக்கு. கெட்டி பார்டர் புடவையில ஜரிகை எடையை முழுசாக் கழிச்சிட்டு மீதிக்கு மட்டும் சாட்சிக் கணக்குப் போடறோம். ஒண்ணு ரெண்டு கிராம் இடறுது. அடுத்து ஒரு மார்க் ஜரிகையையும் பக்கத்து ஆணியில தொங்க விடலாமான்னு கேட்டேன். "அதை வெளிய தொங்க விட்டா சாட்சிக்கு ஒரு காவல்காரன் வேணும்டா"ன்னார் மாமா.